நான்கு மொழிகளில் ஈரக் கழிவு

தினகரனைப் பற்றி எழுதினால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும். குன்னூரில் எங்கள் தேயிலை எஸ்டேட் கம்பெனி ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவன் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன்.

பெருமைப்பட அவனுக்குக் காரணமும் இருந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அண்ணன் படிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கை வாசுகி பதினைந்து வயதில் கொழுந்து பறிக்கக் கூடையைத் தூக்கினாள். அவன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு 1991இல் எங்கள் ஆபீசுக்கு வந்தான்.

டீ நேரத்தில் அவனிடம் மாட்டினால் தப்ப முடியாது. முதலில் கம்ப்யூட்டருக்கு வெறும் எண்களால்தான் கட்டளை எழுதினார்களாம். பிறகு துண்டுச் சொற்கள் வந்தனவாம். விஞ்ஞானிகள் சூத்திரம் எழுத ஃபோர்ட்ரான், அதன்பின் ஆபீஸ்களுக்காகக் கோபோல். "மேனேஜரே படிச்சுப் புரிஞ்சுக்கணும்னு இங்கிலீஷ் மாதிரியே செஞ்ச பாஷை" என்பான், தானே செய்ததுபோல. கூடை தூக்குகிறவர்கள் படித்துப் புரிந்துகொள்ள எந்தப் பாஷை என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கோபோலில்தான் அவன் கொழுந்து எடைக்கு புரோகிராம் எழுதினான். மழைக்காலத்தில் கொழுந்தோடு தண்ணீரும் எடையில் சேரும், அதற்கு ஏதாவது கழிக்க வேண்டும் என்றார் புதிதாக வந்திருந்த மேனேஜர். ஜூன் முதல் நவம்பர் வரை பத்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று ஒரு வரி எழுதினான் தினகரன்.

மேலே தோட்டத்துத் தராசில் நிற்கும் தங்கையா, கொழுந்தைக் கையால் அளைந்து பார்த்து, ஈரத்துக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் சீட்டே எழுதுவார். தொழிலாளர் லயத்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். இவனுக்குத் தெரியாது. கூடைக்காரி மகன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பத்து வயதிலிருந்தே தராசுப் பக்கம் போகாதவன் இவன். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கௌரவம் விடவில்லை.

எங்கள் தோட்டத்தில் எடை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் வேலை. வருஷத்துக்கு இருநூற்று நாற்பது முழுப் பேர் இருந்தால் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்குத்தான் லயத்தில் வீடு. வாசுகிக்கு ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினைந்து குறைந்தது. கணவன் அழகையா நிரந்தரத் தொழிலாளி என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. போன வருஷம் அவன் இறந்தான். இந்த வருஷ நிரந்தரப் பட்டியலில் பெயர் வராவிட்டால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எடை இடிக்கிறது என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது, தராசைப் போய்க் கேள் என்று இவன் வாயடைத்துவிடுவான்.

கோபோல் போய் ஃபாக்ஸ்ப்ரோ வந்தது, அதுவும் போய் ஜாவா வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ வந்து மாற்றி எழுதினார்கள். பழைய புரோகிராமும் புதியதும் ஒரே விடை தந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டோம். பழையது சரியா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

இந்த ஜூனில் பைத்தானுக்கு மாற்ற ஜெபிஷா என்ற பெண் வந்தாள். புதுத் தராசு மொத்த எடை, ஈரம், மிச்சம் மூன்றையும் அச்சடித்துத் தருகிறது. இரண்டே நாளில் சீட்டோடு வந்து நின்றாள்.

"சார், சீட்டுலயே ஈரம் கழிச்சிருக்காங்க. புரோகிராம் மறுபடியும் கழிக்குது. இத யார் எழுதினது?"

தினகரனின் காது மடல் சிவந்தது. "நான்தான்" என்றான்.

பழைய சீட்டுகளை எடுத்து நானும் தினகரனும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வாசுகி 1993லேயே நிரந்தரம். அவன் வாழ்க்கையில் முதன்முறையாக மேனேஜர் அறைக்குப் போய்த் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டான். அடுத்த வருஷத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம், முடிந்த வருஷங்களின் கணக்கைத் திறக்க முடியாது, பட்டியலும் மாறாது என்று இப்போதைய மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டைக் காலி செய்யும் நாளில் ஜீப் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். வாசுகி பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தினகரன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப தங்கையா மேல தப்பே இல்லியா?"

"இல்ல வாசுகி."

"கூடுதலா கழிக்கிறான்னு அந்த மனுசனுக்கு மண்ணள்ளித் தூத்துனேன். சாவுக்குக்கூட போகல."

தினகரன் அழுதுவிட்டான். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். முன்பு கூட வேலை செய்தவள் தேவர்சோலையில் ஓர் அறை பார்த்து வைத்திருப்பதாக வாசுகி என்னிடம் சொன்னாள், அவனிடம் அல்ல. சாக்கின் வாயைக் கட்டினாள். தூக்க வந்த அண்ணன் கையைத் தட்டிவிட்டு, "நீங்க ஒரு கை குடுங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டாள்.