கிழங்குப் பாத்தியில் மலைச் சப்பாத்து

ஆயுதத்தோடு எல்லை தாண்டப் போகிற ஒருவனுக்கு மலை ஏறும் விதத்தைச் சொல்லிக்கொடுத்த மடையன் நான். தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் தெரியாததைச் சொல்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சுகம்.

எழுபதுகளின் தொடக்கம். மெல்பேர்னின் மேற்கே, சன்ஷைனில் வாடகை வீடு. அந்தத் தெருவுக்கே யாழ்ப்பாணத்தார் நானும் மனைவியும்தான். பக்கத்து வீட்டில் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த குரோஷியத் தம்பதி. அவன் மேசன்.

ஒரு மாலை அவன் முதுகுப்பையில் செங்கல்லை நிரப்பி, புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பின்வளவில் மேலும் கீழும் நடந்தான். விடுமுறைக்கு எங்கோ மலையேறப் போகிறான் என்று நினைத்தேன். சிவனொளிபாத மலை ஏறியவன் என்ற தகுதியில், வேலியில் சாய்ந்தபடி உபதேசம் தொடங்கினேன். நேரே ஏறாதே, சாய்வாக ஏறு. மூச்சை மூக்கால் விடு. வாயில் ஒரு துண்டு இஞ்சி வை. பாதி மலையில் தேநீர்க்கடை வாங்குப் பலகை ஒன்றில் நான் படுத்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. அவன் மரியாதையாகக் கேட்டு, நன்றியும் சொன்னான்.

சில கிழமைகளில் செய்தி வந்தது. இங்கே எங்களைப் போல வேலைக்குப் போய் வந்த சில குரோஷிய இளைஞர்கள், தனிநாடு கேட்டு, துப்பாக்கிகளோடு ஆஸ்திரிய மலைகளைத் தாண்டி யூகோஸ்லாவியாவுக்குள் புகுந்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாரும் செத்துப்போனார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். செத்தவர்களில் ஒருவன் அவனோடு செங்கல் அடுக்கியவன். இனி இங்கே இருப்பது வெட்கம் என்று அடுத்த கூட்டத்தோடு புறப்பட நின்றான்.

இதெல்லாம் அவன் மனைவி எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து என் மனைவியிடம் சொன்னது. "ஞாயிறு காலையில் கார் வரும். நீ என் பக்கத்தில் நில். அது போதும்" என்றாள், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில். என் மனைவி நிமோனியாவில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவள் அவள்.

அவள் போன பிறகு, "பொலிசுக்குச் சொல்லுவமே?" என்று கேட்டேன்.

"சொன்னா அவனைப் பிடிச்சு மறியலிலை பூட்டுவாங்கள். அவளுக்கு அவன் வீட்டிலை வேணும்."

"அப்ப நான் போய் அவனோடை கதைக்கட்டே?"

"நீங்கள் கதைச்சது காணும். இஞ்சியும் வைக்கச் சொன்னனீங்களல்லே!"

ஞாயிறு காலை கார் வந்து நின்றது. உள்ளே மூன்று பேர். அவன் பையோடு வெளியே வந்தான். காலில் வெறும் செருப்பு. மலைச் சப்பாத்தை வீடெல்லாம் தேடியிருக்கிறான். அது அவன் மனைவியின் காலில் இருந்தது. முன்வளவுப் புல்லைக் கொத்திப் புரட்டி, கணுக்கால் சேற்றில் நின்று உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் தங்கள் மொழியில் கத்தினான். என் மனைவிக்கும் விளங்கட்டும் என்று அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "சப்பாத்து வேணுமென்றால் வந்து கழற்று. உன் மலை எனக்கும் மலைதான். போனால் இரண்டு பேரும் போவோம்."

கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அப்போதுதான் என் மனைவி சேலைக்கு மேல் என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு காரையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். காருக்குள் இருந்தவர்களுக்குப் புதிது. ஒருவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக்காரன் பையை வைத்துவிட்டுப் படியில் குந்தினான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு எழுந்து போய், அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான். கார் புறப்பட்டுப் போனது.

இரண்டு நாட்டுப் பட்டாளம் காவல் நின்றும் மறிக்க முடியாத எல்லையை, இரண்டு பெண்கள் சன்ஷைனில் நின்று மறித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சட்டைப் பொத்தான் இறுக்குகிறது.

என் மனைவி சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். முன்னறை யன்னலருகே நின்ற நான், "இஞ்சேர், இன்னும் கொஞ்சம் இழுபட்டிருந்தா நானே வெளியிலை வந்திருப்பன்" என்றேன்.

"அப்ப முதல் அந்தத் திரைச்சீலையை விடுங்கோ."