கட்டுப்போட மறுத்த வைத்தியர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கீழப்பழுவூர்ப் பக்கம் தபால்காரன். சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் நிலையில்லாமல் நழுவியது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரிடம் போனேன்.

காலை மடக்கி இழுத்துப் பார்த்தவர், "எலும்பு நல்லாருக்கு சார். உள்ள ஜவ்வு அறுந்துபோச்சு. நான் கட்டுனா சேராது. திருச்சில ஆபரேஷன் பண்ணிக்கங்க" என்றார்.

"கட்டத் தெரியலன்னு சொல்லுங்க" என்றேன். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்புடியே வச்சுக்கங்க. சைக்கிள் மிதிச்சாத்தான ஒங்களுக்கு வேலை? சீக்கிரம் போங்க."

திருச்சியில் சர்ஜன் தொடையிலிருந்து தசைநார் எடுத்து, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்துத் தைத்தார். ஆபரேஷன் முடிந்த பத்தாம் மாதம் மறுபடி சைக்கிள் மிதித்தேன்.

வைத்தியரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. தழும்பைத் தடவி, "என்னமா தச்சிருக்காரு மனுசன்!" என்று வியந்தார்.

தன்னால் ஆகாது என்று பலர் முன்னிலையில் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்குமா? இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.