பாலத்தோடு நின்ற தேரும் நான் கேட்ட கணக்கும்

மாதாவை முழுதாக நம்புகிறவர்களுக்கு என் வணக்கம். பாதி நம்பிக்கையோடு பூசைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் பல நாள் அந்தக் கூட்டம்தான்.

திருவிழா மலருக்கு ஒரு சாட்சி எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் கேட்டார். "நம்ம பங்குல ஒரு பொண்ணு கணக்கு டீச்சர் ஆகியிருக்குது. மாதா குடுத்த வரம்னு எழுதும்மா, நாலு புள்ளைங்க படிக்கும்" என்றார். முழுதாக எழுதுவேன், நடுவில் வெட்டக் கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினார். அதனால் எழுதுகிறேன்.

ப்ளஸ் ஒன்னில் கணக்கில் ஃபெயில் ஆனேன். பத்தாவது வரை எனக்குக் கணக்கு கஷ்டமாக இருந்ததில்லை. எல்லை மதிப்பு, தொடர்ச்சி, வகையிடல் என்று வரிசையாகப் பாடங்கள் வந்ததும் மூளை கதவைச் சாத்திக்கொண்டது. நைனா செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "மறுபடியும் எழுது. இந்த தபாவும் போச்சுன்னா வல்லம் ரோட்டுல கம்பெனி பஸ் வருது இல்ல, அதுல ஏறிடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. என்னோடு படித்த ஒருத்தி அந்த பஸ்ஸில் ஏறி ஃபேக்டரி வேலைக்குப் போனவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டியூஷன். ஜன்னலில் கோட்டை மலை தெரியும். பாதி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சார் என்னை எழுப்பி போர்டில் ஒரு கணக்கு போடச் சொன்னார். மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு, கீழே எக்ஸ் மைனஸ் ரெண்டு. எக்ஸ் இரண்டை நெருங்கும்போது இது எதை நெருங்கும்? நான் நேராக இரண்டைப் போட்டேன். மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். 'எல்லை மதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு நின்றேன்.

"இன்னாம்மா இது? ரெண்டுல இன்னா இருக்குதுன்னு நான் கேட்டனா? ரெண்டுகிட்ட போறப்ப அது எங்க போவுதுன்னுதான கேட்டேன்."

"ரெண்டுல ஒண்ணுமே இல்லையே சார்."

"இல்லாட்டி போவுது. கிட்ட போனா இன்னா தெரியுது, அத சொல்லு."

சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அதன் கிட்டப் போய் என்ன பிரயோஜனம்? அந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, எங்கள் தெருவிலிருந்து வந்தது.

எங்கள் ஊரில் கோயில் இருக்கிற தெரு ஒன்று, நாங்கள் இருக்கிற தெரு ஒன்று. நடுவில் வாய்க்கால், அதன்மேல் சின்னதாக ஒரு பாலம். திருவிழா அன்று மாதாவின் தேர் ஆட்களின் தோளில் ஏறிக் கோயிலிலிருந்து புறப்பட்டு ஜோராக வரும். பாலத்துக்கு முன்னால் நிற்கும். பிறகு திரும்பிப் போய்விடும். காரணம் சாதிதான், வேறு என்ன? ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாருக்கும் ஒன்று, நற்கருணை ஒன்று, தேருக்கு மட்டும் வழி வேறு.

நாங்கள் மெழுகுவத்தியோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்போம். தேர்மேல் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது நம் வழக்கம். அம்மாவும் பிடி நிறைய எடுத்துவந்து, தேர் எங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எறிவாள். தேர் வரைக்கும் போகாது, பாலத்திலேயே சிதறிவிடும். மறுநாள் ஆடுகள் வந்து நக்கிப் பார்க்கும்.

மறுதேர்வுக்கு முன்னால் அந்த வருடத் திருவிழா வந்தது. அதற்கு முந்தைய நவநாள் ஒன்பதிலும் நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். 'தாயே, தேரெல்லாம் நான் கேட்கவில்லை. அது அம்மாவின் பாடு. எனக்கு இந்த ஒரு பாடம் புரிய வேண்டும்.'

திருவிழா அன்று சாயங்காலம் வழக்கம்போலப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். தேர் அந்தப் பக்கமிருந்து மெல்ல மெல்ல நெருங்கியது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து நெருங்கினோம். பாலத்தின் நடுவில் யாரும் இல்லை, அம்மா எறிந்த உப்புதான் கிடந்தது. ஆனால் இரண்டு பக்கமும் எந்த இடத்தைப் பார்த்துப் போகிறது என்று குருடனும் சொல்லிவிடுவான். அப்போது சார் கேட்டது காதில் விழுந்தது. கிட்ட போனா இன்னா தெரியுது?

வீட்டுக்கு ஓடினேன். இரண்டைப் போடவில்லை. ஒன்று புள்ளி ஒன்பது போட்டேன், மூன்று புள்ளி ஒன்பது வந்தது. இரண்டு புள்ளி ஒன்று போட்டேன், நாலு புள்ளி ஒன்று வந்தது. இன்னும் கிட்டப் போனேன். இரண்டு பக்கமும் நாலைத்தான் நெருங்கியது. இரண்டில் மட்டும் ஓட்டை. ஓட்டை இருந்தாலும் எல்லை மதிப்பு நாலுதான். அழுகை வந்துவிட்டது. அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுதேர்வில் பாஸானேன். கம்பெனி பஸ் நான் இல்லாமலே போனது. காலேஜ், பி.எட்., இப்போது பள்ளிக்கூட வேலை. இது மாதா கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு வருத்தம். எனக்குப் புரியவைக்க அவருக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா?

மேலே படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இந்த மாதிரி ஓட்டையை அடைக்க முடியும். அந்த ஒரு புள்ளியில் இருக்க வேண்டிய மதிப்பை வைத்துவிட்டால் போதும், கோடு தொடர்ச்சியாகிவிடும். இடப்பக்கம் ஓரிடத்துக்கும் வலப்பக்கம் வேறிடத்துக்கும் போகிற கோடுகள் உண்டு. அவற்றை ஒட்டவைக்க முடியாது. எங்கள் ஊர் அந்த வகை இல்லை. எங்களுக்குக் குறை ஒரு புள்ளிதான். அதை நினைத்தால்தான் வயிறு எரியும்.

போன வருடம் இரண்டு தெருக்காரர்களையும் தாலுகா ஆபீஸில் உட்காரவைத்துப் பேசினார்கள். தேர் எங்கள் தெருவுக்குள் வரும் என்று முடிவானது. எங்கள் வீடு தெருவில் கடைசி. அம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, கையில் உப்பு மிளகோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பாலத்துக்கு வரவில்லை. இத்தனை வருடம் அவள் போனாள், இந்த முறை மாதா வரட்டும் என்றாள்.

தேர் பாலத்தில் ஏறியது. எங்கள் பக்கத்து ஆட்களும் தோள் கொடுத்தார்கள். ஓட்டை அடைபட்டது. மனம் நிறைந்து கும்பிட்டேன். கண்ணைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்தாச்சு இல்ல? திருப்பு திருப்பு." பாலத்தில் வைத்தே தேரை ஒரே வெட்டாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

வகையிடல் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் ஒரு கோடு வரைவேன். கீழே இறங்கி வந்து, ஒரு புள்ளியைத் தொட்டு, உடனே வெட்டித் திரும்பி மேலே ஏறிப்போகிற கோடு. எங்கேயும் அறுந்திருக்காது, தொடர்ச்சி உண்டு. ஆனால் அந்தக் கூர்முனையில் வகையிட முடியாது. இடப்பக்கம் இறங்குகிறது என்கிறது, வலப்பக்கம் ஏறுகிறது என்கிறது. அந்த இடத்தில் கோட்டின் சாய்வு என்ன என்றால் பதில் கிடையாது. "தொடர்ச்சிதான் இருக்குதே மிஸ், அப்புறம் இன்னா?" என்று யாராவது கேட்பார்கள். தொட்டால் மட்டும் போதாது என்பேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வந்தாங்களா?"

"பாலத்துக்கு வந்தாங்கம்மா."

"அப்பன்னா அடுத்த வருசம் வந்துடுவாங்க" என்றாள். கையை விரித்தாள். உப்பு வியர்வையில் கரைந்துபோய் மிளகு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவி ரசத்தில் போட்டாள். நாங்கள் சாப்பிட்டோம்.

பிரியமானவர்களே, மாதாவிடம் கேளுங்கள், கொடுப்பார். கணக்கே வராத எனக்குக் கணக்கைக் கொடுத்தவர். நான் கேட்டதை அவரே தர முடிந்தது. அம்மா கேட்டதைத் தர அவருக்கு உங்கள் தோள் வேண்டும். இந்த வருடமும் தேரைத் தூக்கப்போகிறவர்கள் நீங்கள்தான். பாலம் தாண்டினால் தெரு நேராகத்தான் போகிறது, திருப்பமே கிடையாது. அவசரமில்லை, மெதுவாகவே வாருங்கள். கடைசி வீட்டு வாசலில் அம்மா உப்போடு நிற்பாள்.