பெடல் தரையைத் தொட்டபோது

என் கணவர் அந்தப் பழைய காரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் பயம். அவருடைய அப்பா பிறப்பதற்கும் முன்பே தயாரான வண்டி. உப்பளக்காரர் ஒருவரின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை இரண்டு வருடம் பாடுபட்டு ஓடவைத்தார். சீட் பெல்ட் கிடையாது. பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும்.

போன கோடையில் என் கொழுந்தன் சென்னையிலிருந்து புதுக் கூபே கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டே கதவு, தரையோடு படுத்த மாதிரி இருந்தது. வாசலில் இரண்டு கார்களையும் நிறுத்திவைத்து அண்ணனும் தம்பியும் காலையிலிருந்து வாதாடினார்கள்.

"எதுனா கெட்டுப்போனா என் வண்டிய நானே ஸ்பேனர் வச்சி சரி பண்ணிடுவேன். உன்னுத தொறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது" என்றார் இவர்.

"பேசிட்டே இருந்தா எப்படிண்ணா? உப்பளத்து ரோடு காலியாத்தான் இருக்கும். ஓட்டிப் பாத்துடலாம் வா."

இவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் பழைய காரில் நானும் ஏறிக்கொண்டேன்.

கூபே முன்னால் போனது. இருபுறமும் பாத்திகளில் உப்புநீர் கண்ணைக் கூசவைத்தது. திடீரென்று பாத்திப் பக்கமிருந்து உப்பு மூட்டையோடு ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறியது. கூபே கொஞ்சமும் குலுங்காமல் நின்றுவிட்டது. இவர் மிதித்தார். மறுபடி மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது.

"பிடிக்கல" என்றார், ரொம்ப மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தம்பியின் வண்டிமேல் மோதாமலிருக்க ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் சரிவில் இறங்கிப் பாத்திக்குள் பாய்ந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு வரப்புக்கு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் கையிலிருந்த பலகையோடு அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓடும்மா! ஓடு!" என்று கத்தினேன். சக்கரங்கள் சேற்றில் புதைந்து கார் நின்றபோது, அவளுக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது.

இறங்கி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "கால் வரலக்கா... கால் வரல" என்றாள். அவள் நகங்கள் என் கையில் பதிந்தன.

"மூணு புள்ளைங்க இருக்குதுய்யா அவளுக்கு!" என்று வரப்பிலிருந்து ஒரு அம்மா கத்தினார். இவர் உப்புநீரில் நின்று கைகூப்பினார்.

பழைய காரைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கூபேயில்தான் வீட்டுக்குத் திரும்பினோம். உள்ளே சத்தமே இல்லை. ஊர்ந்துபோவது போல இருந்தது. எட்டிப் பார்த்தால் முள் எண்பதில் நின்றது. "மெதுவா போப்பா" என்றேன். "மெதுவாத்தான் போறேன், அண்ணி" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பழைய வண்டி ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைப் பயமுறுத்தியது. இது பயப்படவே விடவில்லை. எது மோசம் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். இவர் மன்னிப்புக் கேட்டதும், "அடிபடலியே, வுடுங்க சார்" என்றாள். நான் கிளம்பும்போது மட்டும் பக்கத்தில் வந்து சொன்னாள்: "இன்னிக்கும் வேலைக்குப் போயிட்டுத்தான் வந்தேங்க்கா. வண்டி சத்தம் கேட்டாலே வரப்புல ஏறிடறேன். கூட வேலை செய்றவங்கள்லாம் சிரிக்கிறாங்க."

இவர் பிரேக் முழுவதையும் மாற்றிவிட்டார். இப்போது ஒரே மிதியில் பிடிக்கிறதாம். நான் இன்னும் அதில் ஏறவில்லை.