எந்திரிக்காதடி அழகி

முப்பதாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அழகியின் படம் போட்டு ஒரு சின்ன அட்டை அடிக்கிறார்களாம். "அத்தையப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லும்மா" என்று என் மகள் காவ்யா பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். அழகி அவளுக்கு மாமியார். எனக்கு முப்பது வருசக் கூட்டாளி. நல்லதா எங்கே சொல்ல, வாயைத் திறந்தால் திட்டுத்தான் வருகிறது. பரவாயில்லை, எழுதிக்கோ என்றேன்.

வல்லத்திராக்கோட்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருசம் வாழ வந்தவர்கள். அவள் புருசன் சிங்கப்பூரே கதி என்று கிடந்தார். இரண்டு ஏக்கரையும் ஒற்றை மகன் ரகுநாத்தையும் பார்த்தது அவள்தான். ஊரே கடலை போட்டால் இவள் மட்டும் கத்தரி போடுவாள். ஏன்டி என்றால், "போட்டாச்சு, விடு" என்பாள். ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

நூறு நாள் வேலைக்குப் போனால் கண்மாய்க் கரையில் ஒரே தூக்குவாளியில்தான் சாப்பாடு. என் முட்டையை எடுத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்த மீமிசல் கருவாட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். எனக்குக் கருவாடு பிடிக்காது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். காதில் ஏறினால்தானே!

காவ்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அவளேதான் வந்தாள். "ஏடி கொடி, புள்ளைய வெளியூர்ல குடுத்துட்டு அழுதுகிட்டுக் கெடக்கப் போறியா? எங்க ரகுநாத்துக்குக் குடு. மக வீடுன்னு தெனமும் வந்து போயிக்கிட்டு இரு. நம்மள எவ பிரிக்கிறது?"

வேறு எவளும் பிரிக்கவில்லை. அவளேதான் பிரித்தாள்.

தட்டு மாற்றிய அன்று சபையில் வைத்து, "ஏடி கொடி, தட்ட இங்கிட்டு வையிடி" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் நாத்தனார் நொடித்துக்கொண்டாள். "பொண்ணப் பெத்தவன்னா அம்புட்டு எளக்காரமா?" அழகியின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் நான் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பதறி எழுந்து நின்றாள்.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க."

எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"என்னடி கூத்து இது?"

"நானே வாடி போடின்னா, எங்க ஆளுக ஒங்கள மதிப்பாங்களா? ஒங்கள மதிக்கலைன்னா காவ்யாவ மதிப்பாங்களா?"

"இங்க நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?"

"ஆளுக்குத் தக்கன மாத்திப் பேச எனக்கு வராதுங்க. வாய் தவறிரும்."

அன்றைக்குப் பிடித்த பிடி, ஆறு வருசம். நான் போனால் எழுந்து நிற்பாள். சேர் வரும், காப்பி வரும், வெற்றிலைத் தட்டு வரும். கண்மாய்க் கரையிலும் எனக்கென்று தனி டப்பா. திறந்து பார்த்தால் கருவாடு இல்லை, முழு முட்டை இருந்தது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. திரும்பப் போனபோதும் எழுந்து நின்றாள். அதற்குள் அவளுக்கு மூட்டு வலி வேறு. சுவரைப் பிடித்து, முக்கி முனகித்தான் எழுவாள். அதனால் வாசல்படியில் கால் வைக்கும்போதே, "எந்திரிக்காதடி அழகி" என்று கத்திக்கொண்டேதான் போவேன். ஒரு நாளாவது கேட்டாளா? எழவெடுத்தவள்.

போன மாதம் கிட்னி கெட்டுப்போய் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் போனேன். கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது, அந்த நிலையிலும் முழங்கையை ஊன்றி எழப் பார்க்கிறாள். "காவ்யா, சம்பந்தி வந்திருக்காங்க, சேர் போடு" என்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. காவ்யாவை வெளியே அனுப்பினேன். "ஏண்டி, நான் ஒனக்கு யாருடி? இந்தச் சேருல ஒக்காரவா ஒனக்குப் பொண்ணு குடுத்தேன்? ஒரே ஒரு தடவை கொடின்னு கூப்புடுடி."

அவள் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? ஆறு வருசமா ஒங்க மகள எங்க ஆளுக ஒருத்தராச்சும் ஒரு சொல்லு சொன்னாங்களா, சொல்லுங்க."

சொல்லவில்லைதான். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்கிற வரைக்கும் அவள் கையை விடவில்லை. கொடி என்றும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ரகுநாத் அழுதுகொண்டே ஒரு சேரைத் தூக்கிவந்தான். "ஒக்காருங்க அத்தை. ஒங்களத் தரையில ஒக்கார விடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு."

செத்தும் விடமாட்டேன் என்கிறாளே! சேரைத் தள்ளிவிட்டு வாசல்படிக்குப் போனேன். நடுவீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். படியில் கால் வைக்கும்போதே பழக்கத்தில் எனக்கு வாயில் வந்துவிட்டது.

"எந்திரிக்காதடி அழகி."

அன்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்டாள்.