அப்பா சனிக்கிழமைகளில் எங்கே போனார்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா மாரடைப்பால் இறந்தார். வேறு எதனாலும் இல்லை. முப்பத்தொரு நாளாகியும் இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. காலையில் தேநீர் குடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போன அறுபத்தொரு வயது மனிதர் மத்தியானத்துக்குள் இல்லை என்றால், எந்தப் பிள்ளை நம்பும்? நான் இன்னும் நம்பவில்லை.

அப்பா கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகம் போகவேண்டியவர். ஊரில் நடந்த சண்டையில் தமையனார் ஷெல் குண்டு விழுந்து இறந்த பிறகு, இங்கே இருந்தால் இவனும் மிஞ்சமாட்டான் என்று பெற்றோர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். டென்மார்க்குக்கு ஒரு பையோடு வந்தார். அகதி முகாமில் மொழி படித்தார். முதலில் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் கழுவித் துடைக்கும் வேலை. பிறகு பிராண்டேயில் காற்றாலை உதிரிப்பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை. கடைசிவரை அதில்தான் இருந்தார். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். வீட்டிலும் அதே ஆள்தான். அம்மா இடியப்பம் பிழிந்தால் எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார், அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இனி உங்களில் பலருக்குத் தெரியாத விஷயம். அப்பா பதினான்கு வருடங்களாக ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினராக இருந்தார். அவரிடம் ஒரு கார்பைன் இருந்தது. அந்தக் காலத்தில் டேனிஷ் இராணுவம் பாவித்த, குட்டையான துவக்கு. பொலிசின் அனுமதிப் பத்திரத்தோடு, இரும்புப் பெட்டியில், இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருந்தார். வேலைத்தல நண்பர் ஹென்ரிக்தான் அவரை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனவர்.

அம்மாவுக்கு அது கண்ணில் காட்டக்கூடாத சாமான். துவக்கு என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன நினைவு வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கதை எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று பயந்து, யார் கேட்டாலும் "அவர் சனிக்கிழமையில பட்மின்டன் விளையாடப் போறவர்" என்று அம்மா சொல்லிவைத்தார். நாங்களும் ஒத்து ஊதினோம். அப்பா பட்மின்டன் மட்டையைத் தொட்டதே இல்லை. கலியாண வீடுகளில் யாராவது "அண்ணை, ஆட்டம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டு சோற்றைப் பார்ப்பார்.

அந்தப் பழைய துவக்குக்கு ஏற்ற தோட்டா கடைகளில் லேசில் கிடைக்காது. அதனால் கழகத்துக்காரர்கள் தாங்களே செய்துகொள்வார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, திரும்ப வெடிமருந்து நிரப்பிக் குண்டு பொருத்துவது. அப்பா அதை ஞாயிறு பின்னேரங்களில் கராஜில் செய்வார். தொலைபேசியை வெளியே வைத்துவிடுவார். கதவில் தட்டக்கூடாது. மருந்து அளக்கும்போது யாராவது கூப்பிட்டால், அதுவரை நிரப்பியதை எல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒரு கோதில் ஏதும் கூடிக்குறைந்தால் சுடுகிறவனின் முகத்துக்கே ஆபத்து என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, "உங்கட அப்பா ஃபோன் எடுக்கிறதில்ல, பெரிய ஆளாயிட்டார்" என்று குறைப்பட்ட எல்லோரும் இப்போது அவரை மன்னித்துவிடுங்கள்.

கோதுகளைச் சுத்தம் செய்வதற்கு மற்றவர்கள் ஏதோ திரவம் வாங்குவார்கள். அப்பாவுக்கு அம்மாவின் புளி போதும். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி, புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயில் வருகிற யன்னலில் காயவைப்பார். பளபளவென்று இருக்கும். முதலில் சிரித்த கழகத்துக்காரர்களில் இரண்டு பேர் பிறகு அவரிடமே புளி கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "சண்டைக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இதை எப்பிடித் தொடுறீங்கள் அப்பா?"

அவர் யோசிக்காமல் சொன்னார். "அங்கை சத்தம் கேட்டா எங்கையிருந்து வருது, ஆரின்ர தலையில விழுது எண்டு தெரியாது பிள்ளை. இஞ்சை ஒவ்வொரு சத்தமும் நான் என்ர கையால செய்தது. எப்ப கேக்கும் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அந்தச் சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு அம்மையாருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஹென்ரிக் அழைத்தார். "உன்னுடைய அப்பா சுடுதளத்தில் விழுந்துவிட்டார், உடனே வா" என்றார். "யார் சுட்டது?" என்றுதான் நான் கேட்டேன். அங்கே வளராத எனக்கே முதலில் அந்தக் கேள்விதான் வந்தது. "யாரும் சுடவில்லை, இருதயம்" என்று அவர் மூன்று தரம் சொன்னார். மருத்துவமனையிலும் அதையே சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கை இன்னும் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்மின்டன் விளையாடப் போன மனிதர் துவக்குச் சுடுகிற இடத்தில் செத்துப்போனார் என்றால் சனம் என்ன கதைக்கும்? லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் அழைப்பு வந்தது. "துவக்காலயாமே?" என்று கேட்டார்கள். ஒருவர் "தானாத்தான் சுட்டவரோ?" என்றே கேட்டார். சவப்பெட்டி திறந்துதான் இருந்தது. வந்தவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தீர்கள். வராதவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது! செத்த வீட்டில் ஒரு பெண்மணி அம்மாவின் காதுக்குள், "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா அழவே இல்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம். ஐந்தாம் நாள், குசினியில் அடுப்பருகே தனியாக நின்றபோது என்னிடம் சொன்னார்.

"அண்டைக்குக் காலமை நான் அவரை ஏசிப்போட்டன் பிள்ளை. குழம்புக்குப் புளி எடுக்கப் போனா, சித்தி அனுப்பின புதுப் பைக்கற்றில பாதியைக் காணேல்ல. 'உங்களுக்கு நான் வேண்டாம், அந்தத் துவக்குதான் வேணும். அதோடயே போய் இருங்கோ' எண்டு சொன்னன். அவர் 'சரி, வாறன்' எண்டிட்டுப் போனார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டன். திரும்பியும் பார்க்கேல்ல. அவர் என்ன முகத்தோட போனவர் எண்டு எனக்குத் தெரியேல்ல. என்ர வாய்தான் அவற்ர நெஞ்சை நிப்பாட்டினது."

நான் எவ்வளவோ சொன்னேன். இரத்தக்குழாய் அடைப்பு பல காலமாக இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். "உனக்கென்ன தெரியும்" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் அம்மாவையும் இழக்கப்போகிறோம் என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று ஹென்ரிக் வந்தார். எல்லோரோடும் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, அம்மாவிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லலாமா என்று கேட்டார். அம்மாவுக்கு டேனிஷ் ஓரளவு விளங்கும். விளங்காததை நான் மொழிபெயர்த்தேன்.

அன்று ஆறு பேர் வரிசையாக இருந்து சுட்டுக்கொண்டிருந்தார்களாம். நடுவில் அப்பா திடீரென்று கையை உயர்த்தி, "நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொன்னாராம். அப்படி யார் சொன்னாலும் எல்லோரும் சுடுவதை நிறுத்தவேண்டும், அது அங்கே சட்டம். முகமெல்லாம் வியர்வை. மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அப்பா கார்பைனைத் திறந்து, மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, குழல் யார் பக்கமும் திரும்பாதபடி துவக்கைக் கீழே வைத்தாராம். அதன் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாராம்.

"இருபது வருடமாகச் சுடுகிறேன். எனக்கு அப்படி வந்திருந்தால் துவக்கை எறிந்துவிட்டு விழுந்திருப்பேன்" என்றார் ஹென்ரிக். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தன்னுடைய உடைந்த டேனிஷில் தானே கேட்டார். "காலையில் வந்தபோது அவர் கோபமாக இருந்தாரா?"

ஹென்ரிக் திகைத்துப்போனார். "கோபமா? வந்ததும் வராததுமாக எங்களுக்குக் கதை சொன்னார். மனைவியின் புளியைத் திருடிப் பிடிபட்டுவிட்டேன், இனித் துவக்கோடு குடியிருக்கச் சொல்லிவிட்டாள், யார் வீட்டிலாவது இடம் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்."

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, சிரிச்சவரோ, சிரிச்சவரோ" என்று குழறி அழத் தொடங்கினார். செத்த வீட்டுக்குப் பிறகு அன்றுதான் அழுதார். யாரும் தடுக்கவில்லை.

இந்தத் துயரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செய்தி கேட்டவுடன் இஷொயிலிருந்து கார் ஓடி வந்து ஒரு மாதம் எங்கள் அடுப்பைப் பார்த்த சித்திக்கும், வேலைத்தல நண்பர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், பேருந்து இல்லாத ஊருக்கு எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த உறவுகளுக்கும், தகனசாலை வாசலில் மழையில் நின்ற கழகத்து நண்பர்களுக்கும், ஹென்ரிக்குக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் லண்டன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நினைவு மலரில துவக்கு, தோட்டா எல்லாம் என்னத்துக்கு? பண்புள்ளவர், பாசமுள்ளவர் எண்டு எழுதிப்போட்டு விடு" என்றார். பெரியவர் சொல்கிறார் என்று வெட்டத்தான் போனேன். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஒண்டையும் வெட்டாத. பட்மின்டன் எண்டு பொய் சொன்னது நான்தான் எண்டும் எழுது. என்ர பொய்யாலதான் அவற்ர சாவைப் பற்றிச் சனம் கண்டபடி கதைச்சது. அவர் அந்த நேரத்திலயும் மற்றவைக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு பார்த்திட்டுத்தான் போனவர். அதை எல்லாரும் வாசிக்கட்டும்."

அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.