ஆறாம் நம்பர் மலை ஓரத்துப் பிள்ளை

பதுளையில் லத்தீப் நானாவின் புடைவைக் கடை மாடியில் மாதம் ஒருமுறை இலக்கியக் கூட்டம் நடக்கும். அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதக் கூட்டத்துக்குக் கருப்பம்மாவும் வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள்.

கூட்டத்தை நடத்தும் கனகரத்தினம் மாஸ்டரிடம் அவள் தன் கதையைச் சொன்னதற்கு ஒரே காரணம்தான். ஆறாம் நம்பர் மலை ஓரத்தில் அவள் பிள்ளையைப் புதைத்திருந்தாள். அந்த மேட்டைக் கிளறிப் புதுத் தேயிலை போடப் போகிறார்களாம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிற்றம்பலமும் மாஸ்டரும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர்க்காரர். படித்தவர் வாயால் சொன்னால் அந்த ஒரு மூலையாவது தப்பாதா?

மாஸ்டருக்கோ வேறு கனவு. கடல் கடந்த நாட்டு அடிமைகள் தம் வாயால் சொன்ன வரலாறுகளைப் படித்து மயங்கிக் கிடந்தவர். நம்மூரிலும் ஒன்று கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதையை எழுதிக் கொண்டுவந்து உருக்கமாக வாசித்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்க்கக் கங்காணி விடாதது, உச்சிவேளையில் ஓடிப்போனபோது பிள்ளை குளிர்ந்து கிடந்தது, கொழுந்துக் கூடையில் கம்பளி விரித்து அதைச் சுமந்து போனது எல்லாம் வந்தன.

"இந்தக் கூடையைக் கவனியுங்கோ. இது குறியீடு. கதை சொல்லுறவ ஓரிடத்திலும் அழேல்லை. அந்த மௌனம்தான் இதின்ரை தொனி," என்றார்.

சவப்பெட்டி வாங்க வக்கில்லாமல்தான் கூடை. அழுதால் கங்காணி மறுநாளும் வேலை தராமல் விரட்டிவிடுவான் என்ற பயத்தில்தான் அழவில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கருப்பம்மா பொறுத்திருந்தாள். முன்வரிசையில் சிற்றம்பலம் லேஞ்சியால் கண்ணைத் துடைப்பதைக் கண்டதும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஐயா, புள்ள கெடக்குற எடத்தச் சொல்லலீங்களே?"

"வேணுமெண்டுதான் விட்டனான், கருப்பம்மா. மலையின்ரை பேரைப் போட்டால் ஒரு தோட்டத்துக் கதையாப் போயிடும். இப்ப இது உலகத்து அடிமைகள் எல்லாரின்ரையும் கதை."

"ஒலகம் பெரிசு மாஸ்டர்," என்றார் லத்தீப் நானா. "இந்தப் பொம்பள கேக்குறது ஒரு மொழ மண்ணு."

சிலர் சிரித்தார்கள். கருப்பம்மா எழுந்து கிளாக்கர் பக்கம் திரும்பினாள்.

"கிளாக்கரையா, நம்ம ஆறாம் நம்பர் மலைங்க. அந்த மூலைய மட்டும் விட்டுருங்கய்யா."

சிற்றம்பலம் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகம் ஆபீஸ் முகமாயிற்று.

"தோட்டத்துச் சோலியை இங்கை கதைக்கக் கூடாது. நாளைக்கு ஆபீசுக்கு வா."

மாஸ்டர் அவசரமாக, "தேத்தண்ணி வருகுது, எல்லாரும் இருங்கோ," என்றார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் பொழுது சாயும்வரை நின்றாள். துரை முடிவெடுத்தாயிற்று என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மழை பிடித்ததும் கன்று நடும் ஆட்களோடு அவளையும் அந்த மேட்டுக்கே அனுப்பினான் கங்காணி. வேறொருத்தி கால் படுவதைவிடத் தன் கையே அங்கே படட்டும் என்று அவள் முந்திக்கொண்டு ஓடினாள். ஆம்பளைகள் ஏற்கெனவே குழி வெட்டிப் போயிருந்தார்கள். மேடு இல்லை, அடையாளக் கல்லும் இல்லை. மலை முழுக்க ஒரே அளவுக் குழிகள்.

எது தன் பிள்ளையுடையது என்று தெரியாமல், ஒவ்வொரு குழியிலும் கன்றை வைத்து மண்ணை மெல்லத் தள்ளி மூடினாள்.

"என்னாடி, தடவிக்கிட்டு இருக்க? சட்டுனு நடு!" என்று மேலேயிருந்து கங்காணி கத்தினான்.